கிராமப் பட்டறையில் கணினி மில்லிங் யந்திரம்: மோட்டார் தேர்ந்தெடுக்கும் முறை

கிணற்றுக்குப் பம்பு செட் வாங்கச் செல்லும் அனுபவமிக்க விவசாயி, "இது எத்தனை குதிரை சக்தி?" என்ற ஒரு கேள்வியுடன் நின்றுவிடுவதில்லை. தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது, எத்தனை அடி உயரத்திற்கு ஏற வேண்டும், அவ்வுயரத்தில் நிமிஷத்திற்கு எத்தனை லிட்டர் கிடைக்கும் என்பனவற்றையும் கேட்டறிந்த பின்னரே பணத்தை எடுத்து வைக்கிறார். ஒரே பம்பு தாழ்ந்த உயரத்திற்கு நீரை ஏராளமாகவும், மிகுந்த உயரத்திற்குச் சொற்பமாகவும் தரும் என்பதை அவர் தம் வயலிலேயே கண்டிருக்கிறார்.

இதே விவேகம் இப்பொழுது வேறொரு துறையிலும் நமக்குத் தேவைப்படுகிறது. ஏர்க்கலப்பையும் பம்பு செட்டும் பழுது பார்த்து வந்த கிராமப் பட்டறைகளில், கணினியின் கட்டளைப்படி உலோகத்தையும் மரத்தையும் செதுக்கும் மில்லிங் யந்திரத்தைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆர்வம் இளைஞரிடையே தோன்றியுள்ளது. அவ்விளைஞர்கள் பஞ்சாயத்திடமோ, கூட்டுறவுச் சங்கத்திடமோ, தம் பெற்றோரிடமோ பண உதவி நாடி வருவது இயல்பு. அப்பணம் பயனுள்ள வகையில் செலவாவதும் வீணாவதும் பெரும்பாலும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பொறுத்திருக்கின்றன. அப்பொருள் அந்த யந்திரத்தை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார். அதைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் எளிதில் உணரும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யந்திரமும் அதன் பயனும்

மில்லிங் யந்திரம் என்பது வேகமாகச் சுழலும் கட்டரின் கீழ், செதுக்க வேண்டிய பொருளை மெல்ல நகர்த்தி, வேண்டிய வடிவத்தை வெட்டியெடுக்கும் சாதனம். சாதாரண யந்திரத்தில் தொழிலாளி கைச்சக்கரங்களைச் சுற்றி மேசையை நகர்த்துவார். கணினியால் இயங்கும் யந்திரத்தில் அக்கைச்சக்கரங்களின் இடத்தில் மோட்டார்கள் அமர்ந்துவிடுகின்றன. இடம்-வலம், முன்-பின், மேல்-கீழ் என்னும் மூன்று திசைகளுக்கும் ஒவ்வொன்றாகக் குறைந்தது மூன்று மோட்டார்கள் வேண்டும்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. ஹெலிகாப்டரின் சுழலிறகுகளைப் பிழையின்றிச் செய்ய வழி தேடிய ஜான் பார்சன்ஸ் என்னும் அமெரிக்கரின் முயற்சியிலிருந்து வளர்ந்து, 1952-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட காகித நாடாவின் கட்டளைப்படி இயங்கும் மில்லிங் யந்திரமாக அது உலகிற்குக் காட்டப்பட்டது. அன்று அதன் கட்டுப்பாட்டுச் சாதனம் மிகுந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இத்தாலியில் 2005-ஆம் ஆண்டில் தோன்றிய ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகையும், 2009-ஆம் ஆண்டில் வெளிவந்து யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஜி.ஆர்.பி.எல். என்னும் கட்டளை நிரலும், அதே வேலையை உள்ளங்கையளவுப் பொருளில் அடக்கிவிட்டன. இதனால்தான் கிராமப் பட்டறையும் இம்முயற்சியில் இறங்க முடிகிறது.

இதனால் விவசாயிக்கு என்ன பயன்? ஓர் உதாரணம் கூறுவோம். விதைக்கும் கருவிகள் பலவற்றில், விதையை ஒவ்வொன்றாக எடுத்து விடுவதற்கு ஓரத்தில் சிறு குழிகளோ துளைகளோ உள்ள வட்டத் தட்டு ஒன்று உண்டு. நிலக்கடலைக்கு ஒரு தட்டு, மக்காச்சோளத்திற்கு வேறொரு தட்டு, பயறு வகைகளுக்கு மற்றொன்று என விதையின் பருமனுக்கேற்பத் தட்டை மாற்ற வேண்டும். விதைக்கும் பருவத்தில் தட்டு உடைந்துவிட்டால் நகரத்திலிருந்து வரும் வரையில் மண்ணின் ஈரம் காத்திருக்குமா? கிராமப் பட்டறையில் நைலான் பலகையிலோ அலுமினியத் தகட்டிலோ அத்தட்டை அன்றே வெட்டித் தர முடியுமானால் அந்த உதவிக்கு ஈடேது?

ஆனால் துளைகள் உரிய இடத்தில், உரிய அளவில் அமைய வேண்டும். ஒரு துளை இடம் மாறினால், தட்டு சுற்றும் ஒவ்வொரு முறையும் அதே பிழை வயலில் விழும். பயிர் முளைத்த பின்னர் வரிசை நெடுகிலும் தென்படும் வெற்றிடங்களுக்கு, பட்டறையில் தவறாகத் தேர்ந்தெடுத்த ஒரு மோட்டாரும் காரணமாக இருக்கக்கூடும்.

ஸ்டெப்பர் மோட்டாரின் இயல்பு

பம்பு செட்டில் உள்ள மோட்டார், மின்சாரம் கொடுத்தவுடன் நில்லாது சுழல்வது. ஸ்டெப்பர் மோட்டாரோ படிப்படியாகச் சுழல்வது. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறுவதைப் போல, மின் துடிப்பு ஒன்று வந்தால் ஒரு படி திரும்பி நிற்கும். வழக்கமாகக் கிடைக்கும் மோட்டார் ஒரு படிக்கு 1.8 டிகிரி திரும்பும். ஆகவே முழுச் சுற்றுக்கு 200 படிகள். அம்மோட்டாரை, ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டுடன் இணைத்தால், ஒரு படிக்கு மேசை 0.025 மில்லிமீட்டர் நகரும்.

இவ்வளவு நுட்பமாக இயங்கினும் அதற்கு ஒரு குறை உண்டு. கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து மோட்டாருக்கு ஆணை செல்லும். மோட்டாரிடமிருந்து மறுமொழி வராது. பளு மிகுந்து மோட்டார் சில படிகள் தவறிவிட்டால், கணினி அதை அறியாது. வேலை சரியாக நடக்கிறது என்றெண்ணி, மேற்கொண்டும் தவறான இடத்திலேயே வெட்டிச் செல்லும். தவறுவதும் பெரும்பாலும் நான்கு நான்கு படிகளாகவே நிகழும்; அதாவது மேற்கூறிய திருகுத் தண்டில் 0.1 மில்லிமீட்டர், அல்லது அதன் மடங்குகள். தவறிய படியைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் மோட்டார்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் விலை அதிகம். சாதாரண மோட்டாரைக் கொண்டே வேலையை முடிக்க வேண்டுமானால், படி தவறாத அளவு வலுவுள்ளதாக அதைத் தேர்ந்தெடுப்பதே வழி.

ஏமாற்றும் இரண்டு எண்கள்

கடைக்காரர் முதலில் சொல்லும் எண் "நெமா 23" அல்லது "நெமா 34" என்பது. நெமா என்பது அமெரிக்க மின்சாதன உற்பத்தியாளர் சங்கத்தின் சுருக்கப் பெயர். அந்த எண் மோட்டாரின் முகப்பு அளவைப் பத்தில் ஓர் அங்குலக் கணக்கில் கூறுவது. 23 என்றால் 2.3 அங்குலம், அதாவது ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் சதுர முகம். 17 என்றால் 1.7 அங்குலம். திருகாணித் துளைகள் பொருந்துமா என்பதை அறிய இந்த எண் உதவுமேயன்றி, வலுவை அறிய உதவாது. ஒரே நெமா 23 முகப்பில் குட்டையான மோட்டாரும் உண்டு, நீளமானதும் உண்டு. அவற்றின் வலு ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மடங்கு வேறுபடும்.

இரண்டாவது எண் முறுக்குவிசை. நம் கடைகளில் இதைக் கிலோ-சென்டிமீட்டர் என்ற அளவில் கூறுவர். 13 கிலோ-சென்டிமீட்டர் என்றால், தண்டின் மையத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி 13 கிலோ எடையைத் தொங்கவிட்டாலும் தண்டு திரும்பாமல் தாங்கி நிற்கும் என்பது பொருள். சில பட்டியல்களில் நியூட்டன்-மீட்டர் என்ற அளவு காணப்படும். 1 நியூட்டன்-மீட்டர் 10.2 கிலோ-சென்டிமீட்டருக்குச் சமம்.

"தாங்கி நிற்கும்" என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இந்த எண் மோட்டார் அசையாமல் நிற்கும்பொழுது உள்ள வலுவையே குறிக்கிறது. மோட்டார் சுழலத் தொடங்கி வேகம் ஏற ஏற வலு குறைந்துகொண்டே போகும். பம்பில் உயரம் கூடக் கூட நீர் குறைவதைப் போன்றதே இது. நுகத்தடியில் மலைபோல் நிற்கும் காளை, வண்டியை ஓட்டமாக இழுக்கையிலும் அதே வலுவைக் காட்டும் என்று எந்தச் சம்சாரியும் நம்பமாட்டார். அவ்வாறிருக்க, மோட்டார் விஷயத்தில் மட்டும் நிற்கும் வலுவைப் பார்த்துப் பணம் கொடுப்பது முறையாகுமா?

வேகத்தில் வலு குறைவது ஏன்?

மோட்டாரின் உள்ளே கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் மின்னோட்டம் முழுமையாக ஏறினால்தான் முழு வலு உண்டாகும். சுருளின் இயல்போ, மின்னோட்டம் திடீரென ஏறுவதைத் தடுப்பதாகும். இத்தடுக்கும் குணத்தைத் தூண்டல் என்பர். அதன் அளவு மில்லிஹென்றி.

இதை வாய்க்கால் பாசனத்தோடு ஒப்பிடலாம். மடையைத் திறந்தவுடன் தண்ணீர் கடைவயலை எட்டிவிடுவதில்லை. வாய்க்கால் நிரம்பிச் செல்லச் சிறிது நேரம் பிடிக்கும். மடையைத் திறந்து திறந்து விரைவாக மூடினால், தலைமடை நனையும், கடைமடை காயும். நீண்டு அகன்ற வாய்க்காலானால் நிரம்ப இன்னும் நேரமாகும். ஆனால் ஏரியில் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் விரைவில் நிரம்பும். மோட்டாரில் வாய்க்காலின் பருமன் போன்றது தூண்டல். ஏரியின் நீர்மட்டம் போன்றது மின்னழுத்தம், அதாவது வோல்ட்டு. மடையைத் திறந்து மூடும் வேகம் போன்றது மோட்டாரின் சுழற்சி வேகம்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். மோட்டாரின் ஆம்பியரை மில்லிஹென்றியால் பெருக்கி, வரும் தொகையைப் பவர் சப்ளையின் வோல்ட்டால் வகுத்தால், சுருள் நிரம்ப எத்தனை மில்லிசெகண்டு ஆகும் என்பது தோராயமாகக் கிடைக்கும். ஒரு மில்லிசெகண்டு என்பது செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நிமிஷத்திற்கு 600 சுற்று வேகத்தில் மோட்டார் ஓடுவதாகக் கொள்வோம். அது செகண்டிற்கு 10 சுற்று, அதாவது 2,000 படிகள். ஒரு படிக்குக் கிடைக்கும் அவகாசம் 0.5 மில்லிசெகண்டு.

முதல் மோட்டார்: நிற்கும் வலு 13 கிலோ-சென்டிமீட்டர், மின்னோட்டம் 2.8 ஆம்பியர், தூண்டல் 2.5 மில்லிஹென்றி. 36 வோல்ட்டில் இது நிரம்ப ஆகும் நேரம் 2.8 × 2.5 ÷ 36 = 0.19 மில்லிசெகண்டு. கிடைக்கும் அவகாசம் 0.5, ஆகவே தேவைக்கு மேல் இடமிருக்கிறது.

இரண்டாவது மோட்டார்: முதலாவதைவிட இரண்டு மடங்கு நிற்கும் வலு, மின்னோட்டம் 4 ஆம்பியர், தூண்டல் 10 மில்லிஹென்றி. அதே 36 வோல்ட்டில் நிரம்ப ஆகும் நேரம் 4 × 10 ÷ 36 = 1.11 மில்லிசெகண்டு. கிடைக்கும் அவகாசமோ அதில் பாதிகூட இல்லை.

மோட்டார் சுழலும்பொழுது தானும் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் கடினமாகும். இதனால் விளைவது யாது? நிற்கையில் இரு மடங்கு வலுவுள்ள பெரிய மோட்டார், ஓடுகையில் சிறிய மோட்டாருக்குச் சமமாகவோ அதனினும் தாழ்ந்தோ போய்விடக்கூடும். விலை அதிகம், எடை அதிகம், பயன் குறைவு. "பெரியதாக வாங்கிவிட்டால் கவலையில்லை" என்ற எண்ணம் இங்கே பொருந்தாது.

வேலைக்கு வேண்டிய வலு எவ்வளவு?

மோட்டாரைப் பார்க்குமுன் வேலையைப் பார்க்க வேண்டும். உதாரணமாக, 60 சென்டிமீட்டர் நீளம் நகரும் சிறிய யந்திரம் ஒன்றைக் கொள்வோம். மேசையும் அதன்மேல் பூட்டிய பொருளும் சேர்ந்து 15 கிலோ. திருகுத் தண்டு 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள பால் ஸ்க்ரூ. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்துவது. சிறு கட்டரால் அலுமினியத்தை மெல்லிய அடுக்குகளாக வெட்டுகிறோம்.

வெட்டும்பொழுது எதிர்த்துத் தள்ளும் விசைக்கு 10 கிலோவும், உராய்வுக்கு 2 கிலோவும், மேசையை விரைவுபடுத்துவதற்கு ஏறத்தாழ ஒரு கிலோவும் ஒதுக்கினால் மொத்தம் 13 கிலோ. ஒரு சுற்றுக்கு நகரும் தூரமான 0.5 சென்டிமீட்டரால் இதைப் பெருக்கி 6.28-ஆல் வகுத்தால் 1.03 வரும். பால் ஸ்க்ரூவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வலு வீணாவதாகக் கொண்டு 0.9-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.15 கிலோ-சென்டிமீட்டர். திருகுத் தண்டையும் மோட்டாரின் உள்ளுருளையையுமே சுழற்றி விரைவுபடுத்த இன்னும் 0.4 அளவு வேண்டும். ஆக மொத்தம் சுமார் 1.6 கிலோ-சென்டிமீட்டர்.

மழுங்கிய கட்டர், சிக்கிய துகள், எண்ணெய் வற்றிய பேரிங் ஆகிய எதிர்பாராத இடையூறுகளுக்காக இதை இரு மடங்காக்குவது நன்று. அப்படியாயின் நமக்கு வேண்டியது 3.2 கிலோ-சென்டிமீட்டர். இது நிற்கும் வலுவன்று. மேசை நகர வேண்டிய உச்ச வேகத்திலும் எஞ்சியிருக்க வேண்டிய வலு.

மேசை நிமிஷத்திற்கு 3 மீட்டர் நகர வேண்டும் எனில் மோட்டார் 600 சுற்றுகள் சுழல வேண்டும். மேற்கூறிய முதல் மோட்டார் அவ்வேகத்தில் தன் நிற்கும் வலுவில் பாதியை இழந்தாலும் 6.5 கிலோ-சென்டிமீட்டர் எஞ்சும். நம் தேவை 3.2 மட்டுமே. ஆகவே இந்த யந்திரத்திற்கு நெமா 23 வகையில் நடுத்தர நீளமுள்ள மோட்டாரே தாராளமாகப் போதும். நெமா 34 வாங்குவது, ஒரு ஏக்கர் கத்தரித் தோட்டத்திற்கு ஆற்று நீரேற்றும் பம்பை வாங்குவது போன்றதாகும்.

பால் ஸ்க்ரூவுக்குப் பதிலாகச் சாதாரணத் திருகுத் தண்டை உபயோகித்தால் உராய்வில் வலு மிகுதியாக வீணாகும். மேற்கண்ட கணக்கில் 0.9-க்குப் பதிலாக 0.3 எனக் கொண்டால், வெட்டும் வேலைக்கு வேண்டிய வலு மூன்று மடங்காகும். திருகுத் தண்டில் மிச்சம் பிடித்த காசு மோட்டாரில் செலவாகிவிடும் என்பதை மறக்கலாகாது.

டிரைவரும் பவர் சப்ளையும்

ஸ்டெப்பர் மோட்டாரை நேராக மின்சாரத்தில் இணைக்க முடியாது. சுருள்களுக்கு முறை வைத்து மின்னோட்டத்தைப் பகிர்ந்தளிக்கும் டிரைவர் என்ற சாதனம் ஒவ்வொரு மோட்டாருக்கும் வேண்டும். வாய்க்காலுக்கு நீர்க்கட்டி எவ்வாறோ அவ்வாறே மோட்டாருக்கு டிரைவர்.

இங்கே பலருக்கு ஒரு சந்தேகம் எழும். முதல் மோட்டாரின் சுருளில் மின்தடை 0.9 ஓம், 2.8 ஆம்பியர் செல்ல 2.5 வோல்ட்டே போதும். அதற்கு 36 வோல்ட்டு கொடுத்தால் எரிந்துவிடாதா என்பதே அது. எரியாது. மின்னோட்டம் 2.8 ஆம்பியரை எட்டியவுடன் டிரைவர் தானே மடையை மூடிவிடும், குறைந்தால் திறக்கும். உயர்ந்த வோல்ட்டு சுருளை விரைவில் நிரப்ப உதவுகிறதேயன்றி அளவுக்கு மீறி நிரப்புவதில்லை. டிரைவரில் உள்ள சிறு சுவிட்சுகளை மோட்டாரின் ஆம்பியருக்கு ஏற்ப அமைப்பது மட்டும் கட்டாயம்.

எவ்வளவு வோல்ட்டு கொடுக்கலாம் என்பதற்குத் தொழிலாளரிடையே வழங்கும் ஒரு கணக்கு உண்டு. மில்லிஹென்றியின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்க வேண்டும். 2.5-இன் வர்க்கமூலம் 1.58, பெருக்கினால் ஏறத்தாழ 50 வோல்ட்டு. அதுவே அம்மோட்டாருக்கு மேல் எல்லை. அதற்கு மேற்பட்டால் மோட்டார் வீணாகச் சூடேறும். 10 மில்லிஹென்றி மோட்டாருக்கு இக்கணக்குப்படி 100 வோல்ட்டு வரும். சிறு பட்டறைகளில் வழங்கும் டிரைவர்கள் அவ்வளவு தாங்கா. டி.எம். 542 என்ற வகை டிரைவர் 50 வோல்ட்டு வரையிலும், டி.பி. 6600 என்ற வகை சுமார் 40 வோல்ட்டு வரையிலும் மட்டுமே தாங்கும். ஆகவே 4 மில்லிஹென்றிக்கு மேற்படாத மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது உத்தமம்.

டிரைவரின் எல்லை வரையில் வோல்ட்டை உயர்த்துவதும் தவறு. ஓடும் மேசை திடீரென நிற்கும்பொழுது மோட்டார் சிறிது நேரம் மின்சாரம் உற்பத்தி செய்யும் யந்திரமாக மாறி, வோல்ட்டை உயர்த்திவிடும். 50 வோல்ட்டு தாங்கும் டிரைவருக்கு 36 வோல்ட்டு கொடுப்பது நல்ல பாதுகாப்பு. மூன்று மோட்டார்களின் மொத்த ஆம்பியரில் மூன்றில் இரண்டு பங்கு பவர் சப்ளைக்குப் போதும். 2.8 ஆம்பியர் மோட்டார் மூன்றுக்கு 8.4, அதில் மூன்றில் இரண்டு பங்கு 5.6 ஆம்பியர். 36 வோல்ட்டு, 10 ஆம்பியர் அளவுள்ள பவர் சப்ளை ஒன்று தாராளம்.

டிரைவர் ஒவ்வொரு படியையும் சிறு பகுதிகளாகப் பிரித்துத் தரவல்லது. எட்டாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 1,600 துடிப்புகள். ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்புகள். நிமிஷத்திற்கு 3 மீட்டர் வேகத்தில் செகண்டிற்கு 16,000 துடிப்புகள் வேண்டும். ஆர்டுயினோ ஊனோ பலகையில் இயங்கும் ஜி.ஆர்.பி.எல். செகண்டிற்கு ஏறத்தாழ 30,000 துடிப்புகளே அனுப்ப வல்லது. பதினாறாகப் பிரித்தால் 32,000 வேண்டியதாகி எல்லையைக் கடந்துவிடும். பகுதியை நுணுக்கினால் ஓட்டம் மென்மையாகும். ஆனால் வெட்டும் துல்லியம் அதே விகிதத்தில் உயர்ந்துவிடாது. எட்டுப் பகுதியே இதற்குப் போதும்.

மேல்-கீழ் மோட்டாருக்குத் தனிக் கவனம்

மற்ற இரு திசைகளில் மேசை படுக்கையாக நகர்கிறது. மேல்-கீழ்த் திசையிலோ கட்டரும் அதைச் சுழற்றும் மோட்டாரும் சட்டத்துடன் தொங்குகின்றன. பால் ஸ்க்ரூ எளிதில் உருளுமாதலால், மின்சாரம் நின்றால் இவை தாமே கீழிறங்கி, கட்டர் பொருளில் குத்தி முறியலாம். அடியில் கை இருந்தால் காயம் உண்டாகும். ஏற்ற மரத்தின் மறுமுனையில் எடை கட்டுவதைப் போல இங்கும் எதிரெடை கட்டலாம். அல்லது மின்சாரம் நின்றவுடன் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் பூட்டிய மோட்டாரை வாங்கலாம். மின்வெட்டு நேரக்கூடிய நம் கிராமங்களில் இதை அலட்சியம் செய்தல் கூடாது.

வாங்கும்பொழுதும் பூட்டும்பொழுதும்

மோட்டாருக்கு நான்கு கம்பிகள் இருப்பது எளிது. எட்டுக் கம்பிகளுள்ள மோட்டாரும் உண்டு. அதன் சுருள்களை வரிசையாக இணைத்தால், பக்க இணைப்பில் உள்ளதைப் போல நான்கு மடங்கு தூண்டல் ஏற்படும். வேகம் வேண்டுமாயின் பக்க இணைப்பே தக்கது.

எந்த இரு கம்பிகள் ஒரே சுருளைச் சேர்ந்தவை என்பதை அறிய மீட்டர் இல்லாவிடினும் ஒரு வழி உண்டு. எதனுடனும் இணைக்காத மோட்டாரின் தண்டை விரலால் சுற்றிப் பார்க்கவும். பின்னர் இரு கம்பிகளின் முனைகளைச் சேர்த்துப் பிடித்து மீண்டும் சுற்றவும். தண்டு இறுகினால் அவ்விரண்டும் ஒரே சுருள்.

தண்டின் விட்டத்தை அளந்த பின்னரே கப்ளிங் வாங்க வேண்டும். நெமா 23 மோட்டார்களில் 6.35 மில்லிமீட்டர் தண்டும் உண்டு. 8 மில்லிமீட்டர் தண்டும் உண்டு. டிரைவர் இயங்குகையில் மோட்டாரின் கம்பியைக் கழற்றினால் டிரைவர் பழுதாகிவிடும். மோட்டாரைத் திறந்து உள்ளுருளையை வெளியே எடுத்தால் அதன் காந்த வலு குறைந்துபோகும். ஆகவே ஆர்வத்தால்கூட அதைத் திறக்கலாகாது. வேலை செய்கையில் கை வைக்க இயலாத அளவு மோட்டார் சூடேறுவது இயல்பே. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. யந்திரச் சட்டத்திற்கு எர்த் இணைப்பும், கைக்கெட்டும் இடத்தில் அவசரமாக நிறுத்தும் சிவப்புப் பொத்தானும், கண்ணுக்குக் கண்ணாடியும் இன்றி யந்திரத்தை ஓட்டக் கூடாது.

யந்திரம் முடிந்தவுடன் விதைத்தட்டை வெட்ட முற்படாமல் ஒரு பரீட்சை செய்ய வேண்டும். மேசையின் ஓரத்தில் டயல் கேஜ் வைத்துப் பூஜ்யத்தில் நிறுத்தி, மேசையை உச்ச வேகத்தில் முன்னும் பின்னும் நூறு முறை ஓட்டி, புறப்பட்ட இடத்திற்கே வரவழைக்கவும். முள் மீண்டும் பூஜ்யத்தில் நின்றால் படி தவறவில்லை. 0.1 மில்லிமீட்டரோ, அதன் மடங்கோ விலகியிருந்தால், வேகத்தையும் வேகமேற்றும் விகிதத்தையும் குறைத்து மீண்டும் சோதிக்கவும். தவறாமல் ஓடும் வேகத்தில் முக்கால் பங்கையே வேலைக்கு வைத்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

பஞ்சாயத்தின் கடமை

பட்டறைக்கு உதவ முன்வரும் பஞ்சாயத்தும் சங்கமும் மின்சார நூல்களைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை. விலைப்புள்ளி கேட்கும்பொழுது கீழ்க்கண்ட விவரங்களை எழுத்தில் கேட்டுப் பெற்றால் போதும்.

1. மோட்டாரின் ஆம்பியர், ஓம், மில்லிஹென்றி ஆகிய மூன்றும்.

2. வேகத்திற்கேற்ப வலு குறையும் விதத்தைக் காட்டும் படம். அது எத்தனை வோல்ட்டில் எடுக்கப்பட்டது என்ற குறிப்புடன்.

3. யந்திரம் ஓட வேண்டிய உச்ச வேகம் எவ்வளவு, அவ்வேகத்தில் எத்தனை கிலோ-சென்டிமீட்டர் வேண்டும் என்று பட்டறையினர் போட்ட கணக்கு.

4. டிரைவர் தாங்கும் வோல்ட்டும், பவர் சப்ளை தரும் வோல்ட்டும்.

மூன்றாவது கணக்கைப் பட்டறை இளைஞர்களே எழுதிக் காட்ட வேண்டும். அக்கணக்கைப் போட்டவர்கள் யந்திரத்தையும் நன்கு அமைப்பார்கள் என்று நம்பலாம். இரண்டாவதாகக் கூறிய படத்தைத் தர மறுத்து, "இது நல்ல பலமான மோட்டார்" என்று வாய்மொழியாக மட்டும் கூறும் கடையில் வாங்காதிருப்பதே நலம். முதலில் ஒரே ஒரு மோட்டாரையும் ஒரு டிரைவரையும் வாங்கி, மேசையின் ஒரு திசையில் பூட்டிச் சோதித்து, நிறைவு கண்ட பின்னர் மற்றவற்றை வாங்குவது பொதுப் பணத்திற்குப் பாதுகாப்பு.

விதையைப் பொறுக்கியெடுக்கும்பொழுது நம் முன்னோர் பருமனை மட்டும் பார்க்கவில்லை, முளைப்புத்திறனையும் பார்த்தனர். மோட்டாரைப் பொறுக்கியெடுக்கும்பொழுதும் நிற்கும் வலுவின் பருமனைக் கண்டு மயங்காமல், ஓடும் வேகத்தில் எஞ்சும் வலுவைக் கேட்டறிய வேண்டும். அவ்வாறு கேட்டு வாங்கிய பட்டறையில் வெட்டப்படும் விதைத்தட்டு, அடுத்த விதைப்புப் பருவத்தில் வரிசை தவறாத பயிராக வயலில் விளங்கும்.